எழும்பாத மெஷின்கள்: லினக்ஸ் நித்திரையின் ஒரு சின்ன வரலாறு

2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில் லினக்ஸ் கேர்னலுக்குள் ஒரு விசித்திரமான சிறு நிரல் சேர்ந்தது. எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதை இயக்கிவிட்டால் உங்கள் கொம்பியூட்டரின் மணிக்கூடு கெட்டுப்போகும். திகதி, மாதம், வருஷம் எல்லாம் கண்டபாட்டுக்கு மாறி நிற்கும். பிழையால் இப்படி நடக்கிறது என்று நினைக்கவேண்டாம், வேண்டுமென்றே அப்படித்தான் எழுதப்பட்டது.

ஒரு மெஷினின் மணிக்கூட்டை ஏன் ஒருவர் தெரிஞ்சுகொண்டே குழப்பவேண்டும்? இதுக்குப் பதில் சொல்ல நாங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும். லப்டொப்பின் மூடியை மூடினால் அது நித்திரைக்குப் போகிறது. திறந்தால் எழும்புகிறது. இன்றைக்கு இதைப்பற்றி யாரும் யோசிக்கிறதில்லை. ஆனால் 2000களின் பெரும்பகுதியில், லினக்ஸ் போட்ட லப்டொப்பில் இது ஒரு சூதாட்டம். நித்திரைக்குப் போவது சுகமாக நடக்கும். எழும்புமா என்பதுதான் கேள்வி. மூடியைத் திறந்தால் விசிறி சுத்தும் சத்தம் கேட்கும், ஸ்க்ரீன் கறுப்பாகவே கிடக்கும். கீபோட்டில் எதை அமத்தினாலும் பதில் இல்லை. பவர் பட்டனைப் பிடித்து அமத்தி அணைக்கிறதைத் தவிர வேறு வழி கிடையாது. சேமிக்காமல் விட்ட வேலை போனதுதான்.

இந்தப் பிழையைத் திருத்தின கதையை நாங்கள் இங்கே வரலாறாக எழுத ஒரு காரணம் இருக்கு. காசு குடுத்து வாங்கின ஒரு மெஷின் உள்ளுக்குள் எப்படி வேலை செய்யுது என்று தெரிஞ்சுகொள்ளும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இந்தக் கதைக்குள் முழுக்கக் கிடக்கிறது.

பயோஸ் பார்த்துக்கொள்ளும்

முதலில் கேர்னல் என்றால் என்ன என்று ஒருக்கா சொல்லிவிடுவோம். நாங்கள் பாவிக்கிற பிரவுசர், பாட்டு, படம் எல்லாத்துக்கும் கீழே இருந்து வன்பொருளோடு நேரே கதைக்கிற பகுதிதான் கேர்னல். வைஃபை கார்ட், ஸ்க்ரீன், டிஸ்க் என்று ஒவ்வொரு சாதனத்தோடும் கதைக்க அதற்குள் ஒவ்வொரு ட்ரைவர் இருக்கும். கேர்னலுக்கும் கீழே, மதர்போர்டிலேயே பதிந்துவைத்த இன்னொரு நிரல் இருக்கிறது. அது பயோஸ். மெஷினைப் போட்டவுடன் முதலில் ஓடுவது அதுதான். லப்டொப் கம்பனிகள் தருகிற அந்தப் பயோஸின் மூலநிரலை வாங்கினவர் பார்க்க ஏலாது.

1992இல் இன்டெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தன. பற்றரியில் ஓடுகிற கொம்பியூட்டர்கள் பெருகத் தொடங்கின காலம் அது. ஏபிஎம்மில் வேலைப்பிரிவு இலகு. நித்திரை கொள்ளவேணும் என்று இயங்குதளம் கேட்கும், மிச்சத்தைப் பயோஸ் பார்த்துக்கொள்ளும். 90களில் லினக்ஸும் இதைத்தான் பாவித்தது. நன்றாக எழுதின பயோஸ் இருந்த லப்டொப்பில் நித்திரையும் நன்றாக வேலை செய்தது. பிழையாக எழுதின பயோஸ் என்றால் செய்ய ஒண்டும் இல்லை. அதோடு பயோஸுக்குத் தன்னோடு பிறந்த சாதனங்களைத்தான் தெரியும். பிறகு வாங்கிச் செருகின கார்டை யார் எழுப்புவது?

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புது ஒழுங்கை வெளியிட்டன. இதில் அதிகாரம் கைமாறியது. எந்தச் சாதனம் எப்ப தூங்கவேணும், எப்ப எழும்பவேணும் என்று முடிவெடுக்கிற பொறுப்பு பயோஸிடமிருந்து இயங்குதளத்துக்கு வந்தது. நித்திரையின் ஆழத்துக்கு எண்கள் போட்டார்கள். எஸ்1 லேசான கண்ணயர்வு. எஸ்3 என்றால் ராம் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்ற எல்லாம் அணைவு. எஸ்4இல் நினைவகத்தில் இருந்ததை டிஸ்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது. நாங்கள் மூடியை மூடும்போது நடந்தது பெரும்பாலும் எஸ்3.

பொறுப்பு இயங்குதளத்துக்கு வந்தது, ஆனால் அறிவு முழுக்க வரேல்லை. எந்த லப்டொப்பில் எந்தக் கம்பி எங்கே போகுது என்பதைக் கம்பனி ஒரு சிறப்பு மொழியில் எழுதி, சுருக்கி, பயோஸுக்குள் அட்டவணையாக வைத்துவிடும். கேர்னல் அந்த அட்டவணையை வாசித்து, அதில் இருக்கிற கட்டளைகளை அப்படியே நிறைவேற்றவேணும். வேறு ஆரோ எழுதின நிரலை, கேர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடவிடுவது என்று இதுக்கு அர்த்தம்.

நான் வின்டோஸ்தான்

இந்த இடத்தில் ஒரு மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லியாகவேணும். 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஆட்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஏசிபிஐ வேலையை நாங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்ய, லினக்ஸ் ஒரு வேலையும் செய்யாமல் அதன் பலனை எடுத்துக்கொள்வது சரியில்லை, இதை எப்படியாவது வின்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க வழி இருக்கிறதா என்று அதில் யோசித்திருந்தார். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்ரோசொப்டுக்கு எதிராக நடந்த வழக்கின் ஆவணங்களோடு 2007இல் அந்தக் குறிப்பு வெளியே வந்தது.

இதை வாசித்த கனபேர், லினக்ஸ் லப்டொப் எழும்பாததற்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவு லேசாக முடிவு கட்டக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. ஏசிபிஐ ஒழுங்கு பூட்டப்படவில்லை. யாரும் இறக்கி வாசிக்கலாம் என்றுதான் இருந்தது. அதை நிறைவேற்றும் நிரலை இன்டெலே திறந்த மூலமாக எழுதி லினக்ஸுக்கும் குடுத்தது. 2013இல் அந்த ஒழுங்கைப் பராமரிக்கிற வேலை யூஇஎஃப்ஐ மன்றத்துக்குப் போனது. அந்த மின்னஞ்சல் ஒரு மனப்போக்கைக் காட்டுகிறது. ஒவ்வொரு லப்டொப்பும் ஏன் எழும்பவில்லை என்பதை அது விளக்காது.

விளக்கம் இன்னும் சாதாரணமானது. லப்டொப் கம்பனி பயோஸை எழுதும், வின்டோஸ் போட்டுப் பார்க்கும், எழும்பினால் பெட்டியில் போட்டு விற்கும். ஏசிபிஐ ஆவணத்தில் என்ன எழுதியிருக்கு என்பது அதுக்குப் பிறகு முக்கியமில்லை. அட்டவணைகளைச் சுருக்க மைக்ரோசொப்ட் ஒரு கருவி வைத்திருந்தது, இன்டெல் இன்னொன்று வைத்திருந்தது. முதலாவது பல பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடும். அதனால் பிழையோடு இருக்கிற அட்டவணைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வின்டோஸ் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. லினக்ஸ் ஆவணத்தின்படி நடந்து மூக்குடைபட்டது.

கடைசியில் லினக்ஸ் செய்தது என்ன தெரியுமா? பொய் சொல்லப் பழகியது. பயோஸ் அட்டவணையில் நீ எந்த இயங்குதளம் என்று கேட்கிற ஒரு இடம் உண்டு. லினக்ஸ் அதுக்கு மைக்ரோசொப்ட் வின்டோஸ் என்டி என்று பதில் சொல்லும். இந்த வின்டோஸின் வசதி உன்னிடம் இருக்கா, அந்த வின்டோஸின் வசதி இருக்கா என்று கேட்டால் எல்லாத்துக்கும் ஓம் என்று சொல்லும். நீ லினக்ஸா என்று கேட்டால்? 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து அதுக்கு இல்லை என்பதே பதில். காரணம் நியாயமானது. சில பயோஸ்கள் லினக்ஸ் என்று தெரிந்தவுடன் வேறு பாதையில் போகும். அந்தப் பாதையை யாரும் ஒழுங்காகச் சோதித்திருக்கமாட்டார்கள். லினக்ஸோ சில மாதங்களுக்கு ஒருக்கா மாறிக்கொண்டிருக்கும். சோதித்த பாதையில் போகவேணும் என்றால் வின்டோஸ் வேஷம்தான் பாதுகாப்பு. தன் பெயரை மறைத்தால்தான் ஒழுங்காக எழும்பலாம் என்ற நிலை ஒரு இயங்குதளத்துக்கு வந்தது.

தாய் முதலில், பிள்ளை பிறகு

எஸ்3 நித்திரையிலிருந்து எழும்புவது ஏன் இவ்வளவு கஷ்டம்? படிப்படியாகப் பார்ப்போம். மூடியைத் திறந்தவுடன் மின்சாரம் வரும். செயலிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, புதிதாகப் போட்டதுபோல் பயோஸிலிருந்து தொடங்கும். நித்திரைக்குப் போகுமுன் கேர்னல் நினைவகத்தில் ஒரு முகவரியை எழுதிவைத்திருக்கும். இது புதுத் தொடக்கம் இல்லை, எழும்புதல் என்று பயோஸ் விளங்கிக்கொண்டு அந்த முகவரிக்குப் பாய்ந்துவிடும். அங்கிருந்து எல்லாம் கேர்னலின் பொறுப்பு. செயலியை மீட்டெடுத்து, பிறகு ஒவ்வொரு சாதனமாக எழுப்பவேணும்.

இங்கேதான் சிக்கல். மெஷினை முதலில் போடும்போது பயோஸ் பல சாதனங்களுக்கு ஆரம்ப வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவிடும். எஸ்3இலிருந்து எழும்பும்போது அந்த வேலைகளில் பலதைச் செய்யாது. அப்படியொரு வேலை நடந்தது என்றே ட்ரைவர் எழுதினவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மின்சாரம் போன சாதனத்தின் உள்நிலை முழுக்க அழிந்துபோயிருக்கும். ட்ரைவர்தான் அதை முதலே குறித்துவைத்து, திரும்ப எழுதவேணும். எந்தச் சாதனத்துக்கு எதைக் குறித்துவைப்பது என்பது தயாரித்த கம்பனிக்குத்தான் தெரியும். பல கம்பனிகள் சொல்லமாட்டா.

அடுத்தது ஒழுங்கு. யூஎஸ்பி மவுஸ் ஒரு ஹப்பில் செருகியிருக்கும். ஹப் யூஎஸ்பி கட்டுப்படுத்தியில், அது பிசிஐ பாதையில். மவுஸை எழுப்பமுன் ஹப் எழும்பவேணும், ஹப்புக்கு முன் கட்டுப்படுத்தி. தூங்கப் போகும்போது இது தலைகீழ். பிள்ளைகள் முதலில் படுக்கவேணும், தாய் கடைசியாக. 2.4 பதிப்பு வரைக்கும் எந்தச் சாதனம் எதுக்குக் கீழே இருக்கு என்று சொல்லும் ஒரே மரம் லினக்ஸிடம் இருக்கவில்லை. 2001இன் பிற்பகுதியில் தொடங்கிய 2.5 காலத்தில் பட்ரிக் மோச்சல் அந்த மரத்தைக் கட்டினார். 2003 டிசம்பரில் 2.6 வெளிவந்தபோது அது கேர்னலின் அடித்தளங்களில் ஒன்றாகிவிட்டது. இன்று லினக்ஸில் எந்தச் சாதனத்தைச் செருகினாலும் இழுத்தாலும் அந்த மரம்தான் வேலை செய்கிறது. அதைக் கட்டத் தூண்டிய முக்கிய காரணம் நித்திரைதான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

மரம் வந்தும் ஸ்க்ரீன் கறுப்பாகவே இருந்தது. வீடியோ கார்டை எழுப்பத் தெரிந்தது அதன் சொந்த பயோஸுக்கு மட்டும்தான், எழும்பும் நேரத்தில் அது ஓடாது. கேர்னலுக்கோ அந்தக் கார்டோடு நேரே கதைக்கத் தெரியாது. அந்த நேரம் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டது கேர்னலுக்கு வெளியே இருந்த வேறு நிரல். எனவே ஆளுக்காள் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார்கள். வீடியோ பயோஸை வலிந்து திரும்ப ஓட்டுவது ஒன்று, அதற்காக மத்தியூ கரட் தனியாக ஒரு கருவியே எழுதினார். ஸ்க்ரீனின் நிலையை முதலே பைலில் எழுதி, பிறகு திரும்ப ஏற்றுவது இன்னொன்று. ஒரு லப்டொப்புக்குச் சரிவந்தது மற்றதைத் தொங்கவைக்கும்.

அதனால் பட்டியல் போட்டார்கள். கேர்னலோடு வருகிற ஆவணங்களில் பாவெல் மாஹெக் பராமரித்த ஒரு பக்கம் இருந்தது. ஒரு பக்கம் லப்டொப் மாடல், மறுபக்கம் அதுக்குச் சரிவந்த வைத்தியம். ஏசர், ஐபிஎம் திங்க்பட், தொஷிபா என்று வரிசையாக. அந்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் தன் சொந்த லப்டொப்பைத் திரும்பத் திரும்பத் தூங்கவைத்து, தொங்கவைத்து, அணைத்துப் போட்டு எழுதி அனுப்பினது. கம்பனி சொல்லாத தகவலைப் பாவனையாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டின பட்டியல் அது.

இந்தப் பட்டியலின் தேவை குறையத் தொடங்கியது 2009இல்தான். அந்த வருஷம் மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில், இன்டெல் வீடியோ கார்டை கேர்னலே நேரே கையாளத் தொடங்கியது. கார்டின் நிலை கேர்னலுக்குத் தெரிந்தால் அதைத் திரும்ப எழுப்பவும் கேர்னலுக்குத் தெரியும். மற்றக் கார்டுகளும் அடுத்தடுத்த பதிப்புகளில் வந்து சேர்ந்தன.

சாட்சி இல்லாத விபத்து

இனி மணிக்கூட்டுக் கதைக்கு வருவோம். சாதாரணமாக ஒரு நிரல் பிழைத்தால் ஸ்க்ரீனில் ஒரு செய்தி வரும், இல்லாட்டி டிஸ்கில் ஒரு பதிவு இருக்கும். எழும்பும்போது தொங்கினால் இரண்டும் இல்லை. ஸ்க்ரீன் இன்னும் எழும்பவில்லை. டிஸ்கும் எழும்பவில்லை. வலையமைப்பும் தூக்கம். நினைவகத்தில் எழுதிவைக்கலாமே என்றால், தொங்கின மெஷினை அணைத்துப் போட்டவுடன் அது அழிந்துபோகும். விபத்து நடந்த இடத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சாது.

ஆட்கள் சின்னச் சின்ன வழிகள் கண்டார்கள். கேர்னலில் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால், எழும்பி கேர்னலின் முதல் வரிக்கு வந்தவுடன் மெஷின் பீப் என்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டால் பயோஸ் தன் வேலையைச் செய்து கேர்னலிடம் குடுத்துவிட்டது, பிழை எங்கட பக்கம். சத்தம் கேட்காட்டி பிழை அதுக்கும் முன்னுக்கு. ஒரு பீப்பிலிருந்து இவ்வளவு அறியலாம், இதுக்கு மேல் அறிய ஏலாது. நூற்றுக்கணக்கான சாதனங்களில் எது தொங்கவைத்தது என்று பீப் சொல்லாது.

அணைத்துப் போட்டாலும் அழியாத ஒரு பொருள் மெஷினுக்குள் இருக்கா என்று லினஸ் தேடினார். மணிக்கூட்டுச் சிப் இருக்கிறது. அதுக்குச் சொந்தமாக ஒரு சிறு பற்றரி உண்டு. அந்தச் சிப்பில் தகவல் வைக்கவென்றே நூறு பைட்டுக்கு மேல் இடமும் உண்டு. ஆனால் மெஷின் திரும்பத் தொடங்கும்போது பயோஸ் அந்த இடத்தை நம்பமுடியாமல் ஆக்கிவிடும். பயோஸ் கைவைக்காதது ஒன்றே ஒன்று, நேரம். திகதியும் மணியும் மட்டும்.

அப்படியானால் நேரத்துக்குள்தான் தடயத்தை ஒளித்துவைக்கவேணும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். வருஷத்துக்கு 100 பெறுமானம். மாதத்துக்கு 12. நாளுக்கு 28, ஏனென்றால் எல்லா மாதத்திலும் இருக்கிறது 28 நாள்தான், பிழையான திகதியைக் கண்டால் பயோஸ் ஏதாவது செய்துவிடும். மணிக்கு 24. நிமிஷத்தை மூன்று மூன்றாகப் பிரித்து 20, ஏனென்றால் அணைத்துப் போட்டு வரும் இடைவெளியில் மணிக்கூடு கொஞ்சம் ஓடிவிடும். விநாடியைப் பாவிக்கவே ஏலாது. எல்லாத்தையும் பெருக்கினால் 16,128,000. ஒரு கோடியே அறுபத்தொரு இலட்சத்துச் சொச்சம். கேட்கப் பெரிய எண் போலிருக்கும், எழுத்தாகப் பார்த்தால் மூன்று எழுத்துக்கூட முழுசாகப் போடமுடியாத இடம்.

மூன்று எழுத்துக்குள் ஒரு சாதனத்தின் பெயரையே எழுத முடியாது. ஆகவே பெயரை ஒரு எண்ணாக அரைத்து வைத்தார். நிரலின் எந்தப் பைல், எந்த வரி என்பது 0 முதல் 996 வரை ஒரு எண். எந்தச் சாதனம் என்பது 0 முதல் 1008 வரை இன்னொரு எண். மிச்சமிருந்த 16 பெறுமானம் பாவனையாளர் தன் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் பெருக்கினால் 16,095,568. மணிக்கூட்டில் இருந்த இடத்துக்குள் மட்டுமட்டாக அடங்குகிறது.

ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பத் தொடங்கமுன் கேர்னல் அந்த எண்ணை மணிக்கூட்டில் எழுதும். தொங்கினால் நீங்கள் அணைத்துவிட்டு மூன்று நிமிஷத்துக்குள் திரும்பப் போடவேணும். புதிதாக எழும்பின கேர்னல் மணிக்கூட்டை வாசிக்கும். தன்னிடம் இருக்கிற எல்லா வரிகளையும் எல்லாச் சாதனங்களையும் திரும்ப அரைத்துப் பார்க்கும். எது பொருந்துதோ அதன் பெயரைச் சொல்லும். இரண்டு சாதனத்துக்கு ஒரே எண் வந்தால் குழப்பம்தான், ஆனால் இருட்டில் தடவுவதைவிட அது எவ்வளவோ மேல். மணிக்கூடு கெட்டுப்போவது இதுக்குக் குடுக்கிற விலை.

இந்தத் தந்திரம் சாதாரண பாவனையாளரின் கைக்கு ஒரு சாட்சியைக் குடுத்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. விலை கூடின கருவியோ கம்பனியின் இரகசிய ஆவணமோ தேவையில்லை. என்ர லப்டொப் எழும்பேல்லை என்று எழுதினவர், இனி இந்த வைஃபை ட்ரைவரின் இந்த வரியில் தொங்குது என்று எழுதலாம். முதலாவது முறைப்பாடு. இரண்டாவதை வைத்து ட்ரைவர் எழுதினவர் வேலை தொடங்கலாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஒவ்வாமை

2007க்குப் பிறகு இந்த வேலையை முன்னெடுத்தவர் போலந்தைச் சேர்ந்த ரபாயெல் விசொட்ஸ்கி. நித்திரையைப் பகுதி பகுதியாகச் சோதிக்கிற வசதியை அவர் கொண்டுவந்தார். நிரல்களை மட்டும் உறையவைத்துத் திரும்ப எழுப்பிப் பார்க்கலாம். அது சரியென்றால் சாதனங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். எந்தப் படியில் விழுகுதோ அங்கேதான் பிழை.

அதோடு வந்த ஒரு பெரிய திருத்தம் மணியடிப்பது பற்றியது. ஒரு சாதனம் கேர்னலின் கவனத்தை இழுக்க ஒரு கம்பியில் மணியடிக்கும். பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று தூங்கிவிட்டது, மற்றது மணியடிக்கிறது என்று வையுங்கள். நீயா அடிச்சாய் என்று கேர்னல் இரண்டு ட்ரைவரையும் கேட்கும். தூங்கின சாதனத்தின் ட்ரைவர் தன் சாதனத்தை வாசிக்கப் போகும், குப்பைப் பெறுமானம் வரும், அதை நம்பி எதையோ செய்து மெஷினைத் தொங்கவைக்கும். இது எப்போதாவதுதான் நடக்கும். பத்துத்தரம் எழும்பின லப்டொப் பதினோராம் தரம் எழும்பாமல் விடுவதுக்கு இப்படியான காரணங்கள் இருந்தன. 2009இல் வந்த 2.6.30 பதிப்பில், நித்திரையின் கடைசிப் படிக்கு முன்னரே கேர்னல் சாதன மணிகளை மொத்தமாக மூடத் தொடங்கியது. ஒவ்வொரு ட்ரைவரும் தனித்தனியாகக் கவனமாக இருக்கவேணும் என்ற நிலை மாறியது.

எல்லாத் திருத்தமும் இப்படி நேராக முடியவில்லை. சில லப்டொப்கள் சரியாக எழும்பவேணும் என்றால், பயோஸ் தனக்கென ஒதுக்கின ஒரு நினைவகப் பகுதியையும் கேர்னல் சேமித்துத் திரும்ப எழுதவேணும் என்று 2010 அளவில் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்தவுடன் அந்த லப்டொப்கள் எழும்பின. அதுவரை ஒழுங்காக எழும்பின சில சோனி வயோ மாடல்கள் படுத்துவிட்டன. எனவே அந்த மாடல்களுக்கு மட்டும் இதைச் செய்யாதே என்று ஒரு விலக்கு அட்டவணை வந்தது. கேர்னல் மூலநிரலில் அந்த அட்டவணையை யாரும் திறந்து பார்க்கலாம். மாடல் இலக்கங்கள் வரிசையாக இருக்கும்.

ஒழுங்காக இருந்தது ஏன் திடீரென்று பிழைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருந்தது. 2005இல் லினஸ் எழுதத் தொடங்கிய கிட் கருவியில், வேலை செய்த பதிப்புக்கும் பிழைத்த பதிப்புக்கும் இடையில் இருக்கிற மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போகலாம். 1000 மாற்றம் இருந்தால் பத்துத்தரம் சோதித்தால் போதும், குற்றவாளி பிடிபடும். ஆனால் ஒவ்வொரு தரமும் கேர்னலைக் கட்டி, போட்டு, தூங்கவைத்து, எழுப்பிப் பார்க்கவேணும். அதைச் செய்யக்கூடியவர் அந்த லப்டொப் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும்தான். அட்டவணையின் பின்னால் இருக்கிற உழைப்பு இதுதான்.

எழும்புவது நிச்சயமான பிறகு வேகம் பற்றி யோசித்தார்கள். 2010இன் 2.6.34 பதிப்பில் ஒன்றில் ஒன்று தங்கியிராத சாதனங்கள் ஒரே நேரத்தில் எழும்பத் தொடங்கின. தாய் பிள்ளை உறவு மட்டும் போதாது, மரத்துக்கு வெளியிலும் தங்கியிருத்தல் உண்டு என்பதைக் கேர்னலிடம் முறையாகச் சொல்ல 2017இன் 4.10 பதிப்பு வரை காத்திருக்கவேண்டி வந்தது.

போன் கேட்ட கேள்வி

2008இல் முதல் அன்ட்ரொயிட் போன் வந்தது. உள்ளே இருந்தது லினக்ஸ். லப்டொப் மூடியை மூடினால்தான் தூங்கும். போன் சும்மா இருக்கிற ஒவ்வொரு கணமும் தூங்கப் பார்க்கும், யாராவது வேண்டாம் என்று பிடித்துவைத்தால் ஒழிய. அப்படிப் பிடித்துவைக்க கூகிள் தன் கேர்னலில் ஒரு பூட்டு முறையைச் சேர்த்தது. அதைப் பொதுக் கேர்னலுக்குள் சேர்க்கலாமா என்று 2009இலும் 2010இலும் கேர்னல் ஆட்கள் மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். ஒழுங்காக எழுதாத நிரல்களுக்காகக் கேர்னலை வளைப்பதா என்பது ஒரு பக்கம். கோடிக்கணக்கில் போன்கள் வரப்போகுது, பற்றரியை யார் காப்பது என்பது மறுபக்கம்.

சண்டைக்குள் ஒரு உண்மையான பிரச்சினை இருந்தது. தூங்கப் போகும் அதே கணத்தில் அழைப்பு வந்தால்? கேர்னல் அதைக் கவனிக்காமல் தூங்கிவிட்டால் அழைப்பு தவறிப்போகும். விசொட்ஸ்கி இதுக்கு ஒரு எளிய வழி வைத்தார். எழுப்பும் நிகழ்வுகளைக் கேர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். தூங்கச் சொல்லுமுன் நீங்கள் அந்த எண்ணிக்கையை வாசித்துத் திரும்பச் சொல்லவேணும். இடையில் எண் மாறியிருந்தால் ஏதோ வந்திருக்கு, நித்திரை ரத்து. 2010இன் 2.6.36 பதிப்பில் இது சேர்ந்தது. கூகிளின் முறையோடு பொருந்தும் பூட்டும் 2012இன் 3.5 பதிப்பில் வந்து சேர, சண்டை ஓய்ந்தது.

திரும்பவும் முதலிலிருந்து

போனைப் பார்த்த லப்டொப்புக்கும் அதே ஆசை வந்தது. 2012இல் வின்டோஸ் 8ஓடு மைக்ரோசொப்ட் புதிய வகை நித்திரையைக் கொண்டுவந்தது. இதில் மெஷின் உண்மையில் அணைவதில்லை. எல்லாச் சாதனமும் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும், சிப் மிகக் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும். எழும்புவது உடனே நடக்கும். லினக்ஸும் 2013இல் 3.9 பதிப்பில் இதுக்கு ஈடான ஒன்றைச் சேர்த்தது.

புதியது வந்ததில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பழையதை எடுத்ததுதான் பிரச்சினை. 2018இல் வந்த லெனோவோ திங்க்பட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் எஸ்3 நித்திரையே இருக்கவில்லை. பதினைந்து வருஷமாகப் பாடுபட்டு லினக்ஸ் ஒழுங்காகப் பழகிய நித்திரை, திங்க்பட் போன்ற லினக்ஸ்காரர் விரும்பி வாங்குகிற லப்டொப்பிலிருந்து ஒரு பயோஸ் தீர்மானத்தால் காணாமல் போனது. மூடியை மூடிப் பைக்குள் வைத்தால் பற்றரி வடியும்.

வாங்கினவர்கள் சும்மா இருக்கவில்லை. பயோஸ் அட்டவணையை இறக்கி, விரித்து வாசித்து, எஸ்3 மறைக்கப்பட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, திருத்திச் சுருக்கி, கேர்னல் தொடங்கும்போது பயோஸின் அட்டவணைக்குப் பதிலாகத் தங்கள் அட்டவணையை ஏற்றினார்கள். செய்முறையை மற்றவர்களுக்கும் எழுதிவைத்தார்கள். அந்த வருஷப் பிற்பகுதியில் லெனோவோ பயோஸ் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. நித்திரை வகையைத் தெரிவுசெய்யும் இடத்தில் இரண்டு பெயர் இருந்தது: வின்டோஸ் 10, லினக்ஸ். ஒருகாலம் தன் பெயரை மறைத்துத் திரிந்த இயங்குதளத்தின் பெயர் பயோஸ் திரையிலேயே வந்தது.

அதோடு கதை முடியவில்லை. பின்னர் வந்த பல லப்டொப்களில் அந்தத் தெரிவும் இல்லை. பிழையின் உருவமும் மாறிவிட்டது. முன்பு மெஷின் எழும்பாது, இப்போது மெஷின் ஒழுங்காகத் தூங்காது. ஒரே ஒரு சாதனம் ஆழ்ந்த ஓய்வுக்குப் போக மறுத்தால் முழுச் சிப்பும் விழித்திருக்கும். ஸ்க்ரீன் அணைந்திருக்கும், எல்லாம் சரிபோல் தெரியும், காலமை பார்த்தால் பற்றரி காலி. எந்தச் சாதனம் தூங்கவில்லை என்று கண்டுபிடிக்கத் திரும்பவும் புதுச் சாட்சிகள் தேவைப்பட்டன. சிப் எவ்வளவு நேரம் ஆழத்தில் இருந்தது என்று எண்ணும் எண்ணிகள் வந்தன. திரும்பவும் மாடல் மாடலாக முறைப்பாடுகள், அட்டவணைகள், திருத்தங்கள்.

எங்களில் கனபேருக்கு முதல் லப்டொப் இரண்டாம் கையாக வந்தது. கம்பனி கைவிட்ட பிறகும் அது ஓடுகிறது என்றால், அதை முதலில் வைத்திருந்த யாரோ ஒருவர், எங்கோ, அதைத் தூங்கவைத்து எழுப்பிப் பார்த்து ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். அடுத்தமுறை லப்டொப் வாங்கும்போது, எந்த வகை நித்திரை அதில் இருக்கு என்றும் ஒருக்கா விசாரியுங்கள். 4.10 பதிப்பிலிருந்து லினக்ஸ் அதைத் தானே காட்டும். எழும்பாட்டி, அல்லது தூங்காட்டி, சலித்துக்கொண்டு விட்டுவிடாமல் மூன்று விஷயத்தைக் குறியுங்கள்: மாடல் இலக்கம், கேர்னல் பதிப்பு, கடைசியாக எந்தப் பதிப்பில் ஒழுங்காக இருந்தது. அதை எழுதி அனுப்புங்கள். இந்த வரலாற்றில் நடந்த திருத்தங்களில் பெரும்பாலானவை அந்த மூன்று வரியிலிருந்துதான் தொடங்கின.